ரங்கூனில் பெயர் பெற்ற நோயும் செல்லுக்குள் நுழையும் நஞ்சும்

சென்ற மாதம் ஒலிபரப்பான என் உரையை எழுத்தில் தரவேண்டும் என்று சிலர் தொலைபேசியில் கேட்டிருந்தீர்கள். நேரம் போதாமல் வானொலியில் விட்டுப்போன சில செய்திகளையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

எங்கள் பாட்டிக்கு ஓர் அண்ணன் இருந்தார். இராமநாதபுரம் பக்கத்திலிருந்து மேஸ்திரி ஒருவரோடு கப்பலேறி, ரங்கூனில் அரிசி ஆலை ஒன்றில் மூட்டை தூக்கினார். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. இருமல் வந்தது. பிறகு உடம்பில் கட்டி கட்டியாகப் புறப்பட்டுச் சீழ் வைத்தது. ஆலை வரிசை வீட்டிலேயே இறந்துபோனார். காசநோய் என்றார்கள், சன்னி என்றார்கள், யாரோ செய்வினை என்றுகூடச் சொன்னார்களாம். பாட்டி கடைசிவரை அதை 'ரங்கூன் காய்ச்சல்' என்றுதான் சொன்னார். அவரைக் கொன்றது இன்ன நோய்தான் என்று சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் இதே போன்ற ஒரு கதை உங்களில் பலருடைய வீட்டிலும் இருக்கும். கப்பலில் வந்த குடும்பங்களும், காடு மலை தாண்டி நடந்து வந்த குடும்பங்களும் சேர்ந்ததுதானே நம் நேயர் கூட்டம்.

அப்படிப் பெயரில்லாமல் மனிதர்களைக் கொன்றுகொண்டிருந்த ஒரு நோய்க்கு முதன்முதலாக அடையாளம் கண்டது ரங்கூனில்தான். அதைக் கண்ட இருவரில் ஒருவர் பெயர் சி. எஸ். கிருஷ்ணசாமி. பெயரைப் பார்த்தால் நம் பக்கத்து மனிதராகத்தான் தோன்றுகிறது.

1911-ஆம் ஆண்டு. ரங்கூனின் மக்கள்தொகை அப்போது ஏறத்தாழ 2,93,000. அதில் பாதிக்கு மேல் இந்தியர்கள். துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர், அரிசி ஆலையில் வேலை செய்பவர், ரிக்‌ஷா இழுப்பவர், தெருக்கூட்டுபவர் என்று உடல் உழைப்பில் இருந்தவர்களில் பெரும்பகுதி சென்னை மாகாணத்திலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் போனவர்கள். யாரும் சொந்தம் கொண்டாடாத பிணங்கள் ரங்கூன் பொது மருத்துவமனையின் பிரேதப் பரிசோதனை அறைக்கு வந்துகொண்டே இருந்தன. அந்த மருத்துவமனையின் பழைய செங்கல் கட்டடம் இன்றும் யாங்கோன் நகரின் நடுவே நிற்கிறது. போய் வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள்.

அங்கே நோய்க்குறியியல் மருத்துவராக இருந்தவர் ஆல்ஃபிரட் விட்மோர் என்ற ஆங்கிலேயர். அவருடைய உதவியாளர்தான் கிருஷ்ணசாமி. இருவரும் அறுத்துப் பார்த்த சில உடல்களில் வழக்கத்துக்கு மாறான ஒன்று தென்பட்டது. நுரையீரல் பாலாடைக்கட்டி போலக் கெட்டிப்பட்டிருந்தது. கல்லீரலிலும் மண்ணீரலிலும் சிறுநீரகத்திலும் தோலுக்கடியிலும் சீழ்க்கட்டிகள். மேலோட்டமாகப் பார்த்தால் காசநோய். ஆனால் நுண்நோக்கியில் காசநோய்க் கிருமி இல்லை. குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் என்ற நோய் மனிதனுக்குத் தொற்றினால் இப்படி இருக்கும். ஆனால் இறந்தவர்கள் குதிரையோடு பழகியவர்கள் அல்லர்.

சீழிலிருந்து கிருமியை எடுத்து வளர்த்தார்கள். கிளாண்டர்ஸ் கிருமியின் தம்பி போலவே இருந்தது. ஆனால் இரண்டு இடங்களில் வேறுபட்டது. கிளாண்டர்ஸ் கிருமி நகராது, இது நீந்தியது. கிளாண்டர்ஸ் கிருமி மெதுவாக வளரும். இது வளர்ப்புக் கூழில் மளமளவென்று வளர்ந்தது. எனவே இது புதியது என்று முடிவு செய்து, ரங்கூன் மக்களிடையே இதுவரை விவரிக்கப்படாத ஒரு தொற்றுநோய் இருக்கிறது என்று இருவர் பெயரும் போட்டு 1912-ல் இந்தியன் மெடிக்கல் கெஜட் என்ற இதழில் எழுதினார்கள். அடுத்த ஆண்டு விட்மோர் தனியாக விரிவான கட்டுரை ஒன்றை இங்கிலாந்து இதழில் வெளியிட்டார். கிருமிக்குப் 'பொய் கிளாண்டர்ஸ்' என்று பொருள்படும் சூடோமாலி என்ற பெயர் வந்தது.

இறந்தவர்கள் யார்? ஏழைகள், உடல் நலிந்தவர்கள், தெருவோரத்திலிருந்து தூக்கிவரப்பட்டவர்கள். அவர்களில் மிகப் பலர் மார்பியா ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்கள். அதனால் சந்தேகம் ஊசியின் மீது விழுந்தது. பலர் மாறி மாறிப் போட்டுக்கொள்ளும் அழுக்கு ஊசி வழியேதான் கிருமி உள்ளே போகிறது என்று நினைத்தார்கள். 1917-ல் கிருஷ்ணசாமி தம் பெயரில் மட்டும் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பிலேயே 'மார்பியா ஊசி போடுபவர்களின் இரத்த நச்சேற்றம்' என்று குறிப்பிட்டு, பக்கத்தில் 'விட்மோர் நோய்' என்றும் போட்டார். கூடச் சேர்ந்து கண்டுபிடித்தவர், நோய்க்குத் தம் மேலதிகாரியின் பெயரைத் தாமே சூட்டினார்! அன்றைய வழக்கம் அது என்று சொல்லலாம். இருந்தாலும் படிக்கும்போது மனதுக்கு ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. அந்தக் கட்டுரையின் கணக்குப்படி ரங்கூன் மருத்துவமனையில் நடந்த பிரேதப் பரிசோதனைகளில் ஏறத்தாழ இருபதில் ஒன்றில் இந்த நோய் இருந்தது. நோய் இன்னதென்று தெரியவந்தது பெரும்பாலும் ஆள் இறந்த பிறகுதான்.

சரி, இந்தக் கிருமி எப்படிக் கொல்கிறது? அதற்கு நஞ்சு உண்டா? அந்த நஞ்சு செல்லுக்குள் எப்படிப் போகிறது? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்க ஒரு நூற்றாண்டு ஆயிற்று. விடையைச் சொல்லும் முன், கிருமிகளின் நஞ்சு பொதுவாக எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். இல்லாவிட்டால் ரங்கூன் கிருமியின் தந்திரம் விளங்காது.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லும் ஒரு வீடு. அதன் சுவர் எண்ணெய்ப் படலம் போன்ற மெல்லிய சவ்வு. உப்பும் சர்க்கரையும் வந்துபோகத் தனித்தனி வாசல் உண்டு. ஆனால் புரதம் என்பது பெரிய மூட்டை. அது தானாக உள்ளே போக முடியாது. பாக்டீரியா நஞ்சுகளில் பெரும்பாலானவை புரதங்களே. அப்படியானால் எப்படி நுழைகின்றன? ஒரு நஞ்சுக்கு இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று பற்றும் பகுதி. மற்றது கெடுதி செய்யும் பகுதி. செல்லின் வெளிச்சுவரில் அதன் சொந்தத் தேவைக்காக நீட்டிக்கொண்டிருக்கும் ஏற்பிகளில் ஏதாவது ஒன்றைப் பற்றும் பகுதி பிடித்துக்கொள்கிறது. தனக்கு வேண்டிய பொருள்தான் வந்திருக்கிறது என்று செல் அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. திருடனுக்கு நாமே கதவைத் திறந்துவிட்டு, திண்ணையில் பாயும் போட்டுக் கொடுப்பது போலத்தான்.

இந்த நஞ்சு விஷயத்தை முதலில் தெளிவாகக் காட்டியது தொண்டை அடைப்பான் நோய், அதாவது டிப்தீரியா. 1888-ல் பாரிஸ் நகரின் பாஸ்டர் ஆய்வகத்தில் ரூ, யெர்சான் என்ற இருவர் டிப்தீரியாக் கிருமி வளர்ந்த சாற்றை வடிகட்டிக் கிருமியே இல்லாமல் செய்து விலங்குகளுக்கு ஏற்றினார்கள். விலங்குகள் இறந்தன. கிருமி தொண்டையில் இருந்தபடியே நஞ்சை அனுப்பி இதயத்தைத் தாக்குகிறது என்பது அப்போது புரிந்தது. இந்த நஞ்சு செல்லின் ஏற்பியைப் பற்றி, ஒரு சிறிய பைக்குள் அடைபட்டு உள்ளே போகிறது. அந்தப் பைக்குள் செல் அமிலத்தைச் சேர்க்கும். வந்த பொருளைச் செரிக்கும் ஏற்பாடு அது. அமிலம் பட்டதும் நஞ்சு தன் உருவத்தை மாற்றிக்கொண்டு பையின் சுவரில் துளை போட்டு, கெடுதி செய்யும் பகுதியை மட்டும் வெளியே தள்ளிவிடுகிறது. அது செல்லின் புரத உற்பத்தியை நிறுத்திவிடும். அப்படி உள்ளே போக ஒரே ஒரு மூலக்கூறு போதும், செல் செத்துவிடும் என்று 1978-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

காலராவை நம்மவர்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. 1942-ல் ரங்கூனிலிருந்து புரோம், டாங்கப் வழியாக நடந்தவர்களில் பலரைச் சாலையோரம் சாய்த்தது ஜப்பானியர் குண்டு அல்ல, காலரா. அதன் நஞ்சைக் கண்டுபிடித்தவர் கல்கத்தாவின் சம்பு நாத் டே. முயலின் சிறுகுடலை இரண்டு இடத்தில் நூலால் கட்டி, கட்டுக்கு நடுவே கிருமி நீக்கிய வடிசாற்றைச் செலுத்தினார். மறுநாள் பார்த்தால் அந்தத் துண்டு நீரால் உப்பியிருந்தது. கிருமி இல்லாமலே நோய்! 1959-ல் இதை நேச்சர் இதழில் எழுதினார். வசதி குறைந்த ஆய்வகத்தில், நூலும் முயலும் வைத்துச் செய்த வேலை அது. 1978-ல் நோபல் அமைப்பு நடத்திய கருத்தரங்குக்கு அழைக்கப்படும் வரை அவரை உலகம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1985-ல் காலமானார்.

காலரா நஞ்சின் பற்றும் பகுதி ஐந்து துண்டுகள் சேர்ந்த வளையம். குடல் செல்லின் மேல் கொழுப்பும் சர்க்கரையும் கலந்து நிற்கும் ஜி.எம்.1 என்ற பொருளை ஐந்து விரல்களால் பிடிப்பது போலப் பிடிக்கும். பிடித்த பிறகு அது செய்வதுதான் வேடிக்கை. டிப்தீரியா நஞ்சு போலச் சுவரில் துளை போடாது. செல்லுக்குள் பின்வழியாகப் பயணம் செய்து, புரதங்களை மடித்துச் சரிபார்க்கும் அறைக்கே போய்ச் சேரும். அங்கே சரியாக மடியாத புரதங்களைச் செல் வெளியே தள்ளிச் சிதைத்துவிடும். காலரா நஞ்சு தன்னை அவிழ்த்துக்கொண்டு, 'நானும் ஒரு கெட்டுப்போன புரதம்' என்று நடிக்கும். வெளியே தள்ளப்பட்டதும் சிதையாமல் மறுபடி மடிந்து தன் வேலையைத் தொடங்கும். செல்லின் ஒரு சுவிட்சைத் திறந்த நிலையிலேயே நிறுத்திவிடும். உப்பு குடலுக்குள் கொட்டும். உப்பின் பின்னாலேயே தண்ணீரும் போகும். கடுமையாக நோயுற்றவர் மணிக்கு ஒரு லிட்டர் வரை நீரை இழக்கலாம். இத்தனைக்கும் கிருமி குடல் சுவரைத் தாண்டுவதே இல்லை. வாசலில் நின்றுகொண்டு நஞ்சை மட்டும் உள்ளே அனுப்புகிறது.

ரங்கூன் கிருமி அப்படி வாசலில் நிற்பதில்லை.

அதற்கும் நஞ்சு இருக்கவேண்டும் என்று நினைத்துத் தேடியவர்கள் உண்டு. 1958-ல் அமெரிக்காவில் இருவர், இந்தக் கிருமியின் வடிசாற்றில் சூடுபட்டால் கெட்டுப்போகும் நச்சுப் பொருள்கள் இருப்பதாக எழுதினார்கள். ஆனால் டிப்தீரியா போலவோ காலரா போலவோ 'இதுதான் அந்த நஞ்சு' என்று விரல் நீட்டிச் சொல்லும்படி ஒன்றும் அகப்படவில்லை. 2004-ல் தாய்லாந்து நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்த கிருமியின் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து வெளியிட்டார்கள். பாக்டீரியாக்களில் இது பெரிய தொகுதி, இரண்டு குரோமோசோம்கள். அதில் என்ன வேலை செய்கிறது என்றே தெரியாத புரதங்கள் ஏராளம்.

அப்படித் தெரியாத ஒரு புரதத்தின் உருவத்தை இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தினரும் மலேசிய ஆய்வாளர்களும் மற்றவர்களும் சேர்ந்து ஆராய்ந்தார்கள். எழுத்து வரிசையைப் பார்த்தால் அது எதைப் போலவும் இல்லை. ஆனால் மூன்று பரிமாண உருவத்தைப் பார்த்தபோது, குடல் பாக்டீரியா ஒன்றின் நஞ்சினுடைய கெடுதி செய்யும் பகுதியை அது அப்படியே ஒத்திருந்தது. 2011-ல் சயன்ஸ் இதழில் முடிவு வந்தது. செல்லில் புரதம் தயாரிக்கும் வேலையைத் தொடங்கிவைக்க ஒரு சிறிய இயந்திரம் உண்டு. அதில் ஒரே ஓர் இடத்தில் ஒரு அமினோ அமிலத்தை இந்த நஞ்சு மாற்றிவிடுகிறது. இயந்திரம் நின்றுபோகிறது, அதோடு செல்லின் உற்பத்தியும் நிற்கிறது. ஒரு நஞ்சு மூலக்கூறு நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான இயந்திரங்களைக் கெடுக்க வல்லது. சுத்தம் செய்த நஞ்சை ஏற்றிய எலிகள் இறந்தன. அந்த மரபணுவை நீக்கிய கிருமியின் கொல்லும் திறன் பெரிதும் குறைந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. குடல் பாக்டீரியாவின் நஞ்சில் பற்றும் பகுதியும் இருக்கிறது. ரங்கூன் கிருமியின் நஞ்சில் அது இல்லை. கெடுதி செய்யும் பகுதி மட்டுமே. கதவைத் தட்டும் கை அதற்குக் கிடையாது. தேவையும் இல்லை, ஏனென்றால் நஞ்சைச் சுமந்துகொண்டு கிருமியே செல்லுக்குள் போய்விடுகிறது.

எப்படிப் போகிறது? இதற்கு ஓர் ஊசி இருக்கிறது. உவமைக்காகச் சொல்லவில்லை, நேயர்களே. கிருமியின் உடம்பிலிருந்து நீளும் நுண்ணிய புரதக் குழாய், நடுவே துளை, அதன் வழியே பொருளைச் செலுத்தும் ஏற்பாடு. அறிவியலாளர்களே அதை ஊசி என்றுதான் சொல்கிறார்கள். அந்த ஊசி வழியே சில புரதங்களைச் செல்லுக்குள் ஏற்றினால், செல்லின் சவ்வு சுருங்கி வளைந்து கிருமியை உள்ளே வாங்கிக்கொள்ளும். கிருமியைத் தின்று அழிக்கவேண்டிய வெள்ளணுக்கள் தாமாகவே விழுங்கிவிடும் என்பதும் உண்டு. விழுங்கிய கிருமி முதலில் ஒரு பைக்குள் அடைபடும். அதே ஊசியின் உதவியால் சில மணி நேரத்தில் பையை உடைத்து வெளியே வந்துவிடும். 1917-ல் எல்லோரும் மார்பியா ஊசியைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தபோது, கிருமி தன் சொந்த ஊசியை வைத்திருந்தது!

உள்ளே வந்த கிருமி செல்லின் எலும்புக்கூடு போன்ற நார்களைத் தன் வாலில் திரட்டிக்கொண்டு, வாணவேடிக்கை ராக்கெட் போலச் செல்லுக்குள் பாயும். பாய்ந்து அடுத்த செல்லின் சுவரில் முட்டும். அப்போது வேறொரு கருவியால் இரண்டு செல்களின் சவ்வையும் ஒன்றாக ஒட்டவைத்துவிடும். இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் போய்விட்டது. இப்படிப் பல செல்கள் கலந்து பல உட்கருக்கள் கொண்ட ஒரே பெரிய செல்லாகிவிடும். கிருமி வெளியே தலை காட்டாமலே வீடு வீடாகப் போகலாம். இரத்தத்தில் சுற்றும் எதிர்ப்பொருள்கள் தெருவில் காவல் காக்கும் போலீஸ்காரர்கள் மாதிரி. வீட்டுக்குள் நடப்பது அவர்களுக்குத் தெரியாது. இந்த நோய்க்கு மனிதர்களுக்கான தடுப்பூசி இன்றுவரை இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

செல்லுக்குள் ஒளிந்திருக்கத் தெரிந்த கிருமி, ஆண்டுக்கணக்கிலும் ஒளிந்திருக்கும். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களுக்குப் பல ஆண்டு கழித்து நோய் வந்தபோது அதை வெடிக்காத குண்டு என்று வர்ணித்தார்கள். அதைவிட ஆச்சரியமான செய்தி 2005-ல் மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் போர்க் கைதியாகப் பிடிபட்டு பர்மா, தாய்லாந்து, மலேயா பகுதிகளில் இருந்த ஓர் அமெரிக்கருக்கு, 62 ஆண்டுகள் கழித்துக் கையில் புண்ணாக இந்த நோய் வெளிப்பட்டது. அந்தக் கைதிகள் பாடுபட்ட சயாம் - பர்மா ரயில் பாதையில்தான் மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட நம் தமிழர்கள் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். கைதிகளுக்காவது முகாமில் மருத்துவர்கள் இருந்தார்கள், குறிப்பெழுதி வைத்தார்கள். தோட்டத் தமிழருக்கு அதுவும் இல்லை. காலரா என்றும் மலேரியா என்றும் சீதபேதி என்றும் சொல்லிப் புதைத்தார்கள். அந்தச் சேற்றில் இந்தக் கிருமியும் இருந்தது என்பதற்கு 62 ஆண்டு கழித்து ஒரு கை சாட்சி சொல்லியிருக்கிறது.

ஆம், சேறுதான். ரங்கூனில் ஊசி என்றார்கள். கோலாலம்பூரில் இந்த நோயை ஆராய்ந்து 1921-ல் மெலியாய்டோசிஸ் என்று பெயர் வைத்த ஸ்டாண்டன், ஃபிளெட்சர் இருவரும் எலிகள் மீது சந்தேகப்பட்டார்கள். கடைசியில் இந்தோசீனாவில் வேலை செய்த பிரெஞ்சுக்காரர்கள் மண்ணிலும் நீரிலும் கிருமியைக் கண்டார்கள். நெல் வயல், தேங்கிய நீர், மழைக்காலச் சகதி, இவையே அதன் வீடு. காலில் உள்ள சிறு வெடிப்பு வழியாகவும், குடிநீர் வழியாகவும், பலத்த மழைக்காற்றில் மூச்சு வழியாகவும் உள்ளே வரும். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு தெற்குத் தாய்லாந்தில் உயிர்தப்பிய 6 பேருக்கு இந்த நோய் வந்ததாகப் பதிவு இருக்கிறது. ரங்கூனின் மழை எப்படிப்பட்டது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். ஆண்டுக்கு 100 அங்குலம். அந்த மழையில் வெறுங்காலோடு மூட்டை தூக்கியவர்கள், தெருவோரம் படுத்தவர்கள். அவர்களைக் கிருமி தேடி வந்திருக்க வேண்டியதே இல்லை.

பிறகு நடந்ததுதான் எனக்குப் புரியாத புதிர். நோய் கண்டுபிடிக்கப்பட்ட ஊரே அதை மறந்தது. போர், சுதந்திரம், உள்நாட்டுக் குழப்பம் எல்லாம் வந்தன. பர்மாவிலிருந்து இந்த நோய் பற்றிய செய்தி பல பத்தாண்டுகள் ஏறக்குறைய வரவே இல்லை. பக்கத்துத் தாய்லாந்தில் ஆயிரக்கணக்கில் நோயாளிகள்; எல்லைக்கு இப்பால் யாரும் இல்லையா? நோய் போய்விடவில்லை, பார்ப்பதற்கு ஆய்வகம்தான் இல்லாமல் போயிற்று. 2018-ல் மியான்மர் மருத்துவர்களும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து விட்மோர், கிருஷ்ணசாமி காலத்திலிருந்து கணக்கெடுத்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். யாங்கோனில் மீண்டும் நோயாளிகள் அடையாளம் காணப்பட்டு வருவது அதில் பதிவாகியிருக்கிறது.

இலங்கையிலும் இதே கதைதான். 1927-ல் கொழும்பில் ஒரு ஐரோப்பியத் தேயிலைத் தரகரிடம் முதலில் கண்டார்கள். பிறகு நெடுங்காலம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் செய்தி. 2006-க்குப் பிறகு தேடத் தொடங்கியதும் நூற்றுக்கணக்கில் வெளிவந்தது. இந்தியாவில் முதல் நோயாளி பற்றிய அறிக்கை 1991-ல்தான் வந்தது. இன்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் தொடர்ந்து கண்டறிகிறார்கள். 2016-ல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி உலகில் ஆண்டுக்கு 1,65,000 பேருக்கு இந்த நோய் வருகிறது. 89,000 பேர் இறக்கிறார்கள்.

ஒலிபரப்பு முடிந்ததும் ஒரு நேயர் தொலைபேசியில் கேட்டார்: "நமக்கு இப்போது இதில் என்ன இருக்கிறது? நாம் யாரும் வயலில் இறங்குவதில்லையே?" நல்ல கேள்வி. இந்த நோய் பிடிப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் சர்க்கரை நோயாளிகள். நம் வீடுகளில் சர்க்கரை இல்லாத வீடு எது? யாங்கோனிலும் அதைச் சுற்றியும் இன்னும் நமக்குச் சொந்தங்கள் இருக்கிறார்கள். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் போய்வருகிறோம். கோயிலைச் சுற்றி வெறுங்காலோடு மழையில் நடக்கிறோம். இங்கேயும் மழைக்காலத்தில் சாக்கடைத் தண்ணீர் வீட்டு வாசல்வரை வரும் தெருக்கள் நம்முடையவை. சர்க்கரை உள்ளவர்கள் காலில் புண் இருந்தால் அதை நன்றாக மூடிக்கொண்டு, கம்பூட்ஸ் போட்டுக்கொண்டு இறங்குங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். அங்கே போய்வந்தவருக்கு, எத்தனை நாள் கழித்தானாலும், காரணம் தெரியாத காய்ச்சலோ, மருந்துக்குக் கேட்காத நிமோனியாவோ, கல்லீரலில் மண்ணீரலில் கட்டியோ வந்தால், 'பர்மா போயிருந்தேன்' என்று மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். காசநோய் மருந்து மாதக்கணக்கில் சாப்பிட்டும் தேறாதவர்களில் சிலருக்கு இந்த நோய் இருந்திருக்கிறது.

மருந்து இல்லாத நோய் அல்ல இது. தாய்லாந்தின் உபோன் நகரில் நடந்து 1989-ல் முடிவு வெளியான சோதனையில் செஃப்டசிடிம் என்ற ஊசி மருந்து, கடுமையாக நோயுற்றவர்களிடையே இறப்பை 74 சதவீதத்திலிருந்து 37 சதவீதமாகக் குறைத்தது. இன்றும் அதையோ மெரோபெனமோ நரம்பு வழியே குறைந்தது 10 முதல் 14 நாள் கொடுக்கிறார்கள். அதன்பிறகு கோட்ரைமாக்சசோல் மாத்திரை மூன்று மாதம். செல்லுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியைத் துடைக்கத்தான் அந்த மூன்று மாதம். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்ப வந்திருக்கிறது. சாதாரணமாக எல்லாக் காய்ச்சலுக்கும் போடும் ஜென்டாமைசின் ஊசிக்குப் பெரும்பாலும் இது அசைவதில்லை.

கண்டுபிடிப்பதில்தான் இன்னும் சிக்கல். இரத்தத்தையோ சீழையோ வளர்ப்புக் கூழில் இட்டு இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். பழக்கமில்லாத ஆய்வகத்தில் இதை ஏதோ தண்ணீர்க் கிருமி கலந்துவிட்டது என்று எறிந்துவிடுவதும் நடக்கிறது. 1979-ல் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரில் ஆஷ்டவுன் என்பவர் இதற்கென்றே ஒரு கூழ் தயாரித்தார். ஜென்டாமைசினை அதில் கலந்து மற்ற கிருமிகளை அடக்கிவிட்டார். கூடவே ஊதாச் சாயமும் சேர்த்தார். சில நாள்களில் அந்தத் தட்டில் வரும் திட்டுகள் ஊதா நிறத்தில், காய்ந்த பூ போலச் சுருக்கம் சுருக்கமாக இருக்கும். பழகிய கண்ணுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிடும் என்கிறார்கள்.